ரெபேக்காளின் படகுக்கடை

ஜீப்பு வாங்கி வருகிறேன் என்று மலையேறிப் போன சத்தியநேசன், படகு வாங்கிவிட்டு வீடு திரும்பினார்.

போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் அவருக்கு ஏலக்காய் வியாபாரம். மலைச்சரிவில், ஊசிப்பாறை எஸ்டேட்டை ஒட்டி, சொந்தமாகக் கொஞ்சம் ஏலத்தோட்டமும் இருந்தது. தங்கமான மனுஷர்தான். ஆனால் கண்ணெதிரே ஒரு பொருளை ஏலம் கூறிவிட்டால் அவர் கை தானாக மேலே போய்விடும். ஊசிப்பாறை துரை எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்புகிறார், அவர் சாமான்களை ஏலம் போடுகிறார்கள், அதில் ஒரு ஜீப்பும் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் போனார். ஜீப்பை வேறு யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல் நின்றவர் முன்னால் அடுத்ததாக ஏலத்துக்கு வந்தது படகு.

"என்னங்க, ஜீப்பு எங்க?" என்று வாசலிலேயே கேட்டாள் ரெபேக்காள்.

"அது கைவிட்டுப் போச்சு. வேற வண்டி எடுத்திருக்கேன்."

"லாரியா?"

"இல்ல. தண்ணியில ஓடுற வண்டி."

ரெபேக்காள் கையிலிருந்த முறத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். மழை பெய்தால்தான் தண்ணீரைப் பார்க்கிற கொட்டகுடி ஆறு அவள் நினைவுக்கு வந்தது. அதில் இந்தச் சித்திரை மாதத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். மனுஷர் புளியங்காய் திருடிவிட்டு வந்த பையன் மாதிரி நின்றார்.

"கோவப்படாத ரெபேக்கா. ஒரு தடவ வந்து பாரு. பாத்துட்டு அப்பறம் வையி."

மகன்கள் இருவரும் மதுரையில் பள்ளி விடுதியில் இருந்து படிக்கிறவர்கள்; கோடை லீவுக்குத் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் அவளுக்குப் பெரிய சோலி ஒன்றுமில்லை. வைவதற்காகவாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளும் கிளம்பினாள்.

ஊசிப்பாறையில் இரண்டு சரிவுகளுக்கு நடுவே நீளமாக ஒரு வாய்க்கால் கிடந்தது. விறகுக் கட்டைகளை மேல்காட்டிலிருந்து மிதக்கவிட்டு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வரை கொண்டு வருவதற்காகத் துரை வெட்டியது. ஏறக்குறைய ஒரு மைல் நீளம்; அகலம் மூன்று மாட்டுவண்டி நிற்கிற அளவு. ஓடையை மறித்துக் கட்டியிருந்ததால் கோடையிலும் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தது. அந்த வாய்க்காலைப் பார்த்துப் பார்த்துத் துரைக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டதாம். அவர் ஊரில் வாய்க்காலுக்கு வாய்க்கால் ஒடுக்கமான படகு விட்டு, அதிலேயே குடும்பம் நடத்துவார்களாம். அது மாதிரி ஒன்றைச் செய்யச் சொல்லி, சில வருஷம் அதில் உட்கார்ந்து சுருட்டுக் குடித்துவிட்டு, பிறகு கொட்டகையில் ஏற்றிப் போட்டுவிட்டார்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் ரெபேக்காளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ரயில் பெட்டியை இரண்டு பக்கமும் நெருக்கி ஒடுக்கியது போல இருந்தது அது. உள்ளே இரண்டு பேர் அருகருகே நிற்கலாம். மூன்றாவது ஆள் அந்த வரிசையில் நுழைந்தால் முதல் ஆள் வெளியேற வேண்டும். நீளத்துக்கு மட்டும் குறைவில்லை; இருபது முப்பது பேர் வரிசையாக உட்காரலாம். அயனி மரப் பலகைகள் காய்ந்து இடுக்கு விட்டிருந்தன. அறைக்குள் சிலந்தி வலை. கூரையில் ஓட்டை. மூலையில் புகைக்குழாய் வைத்த சின்ன இரும்பு அடுப்பு. அதன் மேல் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது.

"அது நம்மட கோழியாணு சேச்சி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எஸ்டேட் முக்கில் டீக்கடை வைத்திருந்த வாசு. "முட்ட விரிஞ்ஞால் கொண்டு போகாம்." குஞ்சு பொரித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவாராம்.

ரெபேக்காள் படுக்கைப் பலகையில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த சின்னஞ்சிறு சன்னலைத் தள்ளினாள். அது அவள் முழங்கை உயரத்துக்குச் சரியாகத் திறந்தது. எதிர்ச்சுவரில் மேலிருந்து கீழ்வரை தட்டுகள். துரை புத்தகம் அடுக்கியவை.

தேவாரத்தில் அவள் அப்பா மளிகைக் கடைக்காரர். கல்யாணமாகிற வரை அந்தக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு படி உப்புக்கூட யாருக்கும் அளந்து போட்டதில்லை. இப்போது அந்தத் தட்டுகளைப் பார்த்ததும் கை பரபரத்தது. இந்தத் தட்டில் சீயக்காய், அதற்குக் கீழே தீப்பெட்டி, அந்த மூலையில் மண்ணெண்ணெய்...

"மேல் லயத்து ஆளுக சாமான் வாங்க எங்க போறாக?" என்று வாசுவைக் கேட்டாள்.

வாய்க்காலின் மேல்கோடியில் ஏலக்காய் பறிக்கும் குடும்பங்களின் வரிசை வீடுகள், மேல் லயம், இருந்தது. அவர்கள் அட்டை கடிக்கிற காட்டுக்குள் சுற்றி நடந்து, ஓடைமேல் போட்ட மரப்பாலம் தாண்டி, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வாரத்துக்கு வேண்டியதைத் தலையில் சுமந்து வந்தார்கள். உப்புத் தீர்ந்தால் அடுத்த ஞாயிறு வரை உப்பில்லை. வாசு இதைச் சொல்லி முடிப்பதற்குள் ரெபேக்காள் எழுந்து நின்றுவிட்டாள். தலை கூரையில் இடித்தது.

"என்னங்க," என்றாள் தலையைத் தடவிக்கொண்டே. "இத நான் எடுத்துக்கிறேன்."

வசவு வாங்கத் தயாராக வெளியே நின்ற சத்தியநேசனுக்கு ஒன்றும் புரியவில்லை.

*

போடியிலிருந்து மொக்கச்சாமி ஆசாரியை வரவழைத்தார்கள். வண்டிச் சக்கரம் செய்வதில் பேர் போனவர். படகைச் சுற்றி வந்து, குனிந்து அடியைப் பார்த்து, தட்டிப் பார்த்து, கடைசியில் கேட்டார்.

"ஆத்தா, இதுக்கு மாட்ட எங்க பூட்டுறது?"

"மாடு இல்ல ஆசாரியாரே. கழி ஊனித் தள்றது."

"அப்படிச் சொல்லுங்க. சக்கரம் இல்லாத வண்டிய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

எட்டு நாள் கூலிக்கு வந்தவர் வைகாசி பாதி வரை இருந்துவிட்டார். அவருக்குத் துணையாக வீரையா சேர்ந்தான். ராசிங்காபுரத்துக்காரன், சத்தியநேசனின் தோட்டத்தில் காவலுக்கு இருந்தவன். இருபத்தைந்து வயதுக்குக் காளை மாதிரி இருப்பான். வாய் திறந்து பேசுவதுதான் அபூர்வம். இருவரும் உளுத்த பலகை மூன்றைப் பிடுங்கிவிட்டுப் புதுசு வைத்தார்கள். கூரைக்குத் தகரம் அடித்து அதன்மேல் தார் பூசினார்கள். ரெபேக்காள் தட்டுகளின் விளிம்பில் விரல் உயரத்துக்குச் சட்டம் அடிக்கச் சொன்னாள். படகு ஆடினால் சாமான் விழக்கூடாது அல்லவா?

பலகை இடுக்கை அடைப்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

"எனிக்கு அறியாம்," என்று, தனக்குத் தெரியும் என்கிற பெருமையோடு முன்வந்தார் வாசு. "ஆலப்புழையில் ஜனிச்சவனல்லே ஞான்!"

ஆலப்புழையில் பிறந்தது உண்மைதான். ஆனால் அவர் குடும்பம் அங்கேயும் டீக்கடைதான் வைத்திருந்தது. படகுத்துறைப் பக்கம் போனால் என்ன நாற்றம் அடிக்கும் என்பது மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த நாற்றத்தை வைத்துக்கொண்டே வேலை தொடங்கியது. தேங்காய் நாரைத் திரித்து இடுக்கில் செருக வேண்டும், குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கி மேலே பூச வேண்டும் என்பது வரை சரி. எவ்வளவுக்கு எவ்வளவு? வாசு சட்டிக்கு மேல் மூக்கை நீட்டி, கண்ணை மூடி, "குறச்சுகூடி மீனெண்ண" என்பார். இன்னும் கொஞ்சம் மீன் எண்ணெய் ஊற்றுவார்கள்.

முதல் சட்டி காய்ந்ததும் கண்ணாடி மாதிரி உடைந்து கொட்டியது. இரண்டாவது சட்டி காயவே இல்லை. காய்ந்துவிட்டது என்று நினைத்துச் சத்தியநேசன் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்துகொண்டபோது வேட்டியில் ஒரு சாண் துணி படகோடு நின்றுவிட்டது. "இருக்கட்டும், அதும் ஒரு அடைப்புத்தான்," என்று மொக்கச்சாமி அதன்மேலேயே பூசினார். மூன்றாவது சட்டிதான் பதமாக வந்தது.

ரெபேக்காள் காலையில் முந்தானையை இடுப்பில் செருகினால் பொழுது சாய்கிற வரை எடுக்க மாட்டாள். கை முழுக்கத் தார். நகத்துக்குள் நார். போடி வீட்டில் வெயில் படாமல் இருந்த முகம் கறுத்துப் போயிற்று. மனசு மட்டும் தேவாரத்துக் கடையில் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த காலத்துக்கு இணையாகத் துள்ளியது.

தண்ணீரில் இறக்குகிற அன்று மேல் லயத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். உருட்டுக் கட்டை போட்டு, வடம் பிடித்து இழுத்தார்கள். ரெபேக்காள் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். மொக்கச்சாமி எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி நான்கு மூலைக்கும் எறிந்தார். வாசு எல்லோருக்கும் டீ கொடுத்தார். படகு சறுக்கிக்கொண்டு போய், தண்ணீரில் ஒரு குலுக்கு குலுக்கி, மிதந்தது.

கூட்டம் கைதட்டியது. சத்தியநேசன் பெஞ்சாதியைப் பெருமையோடு பார்த்தார்.

கைதட்டு ஓய்ந்தபோது ஒரு சத்தம் கேட்டது. குழாயடியில் குடம் நிறைகிற சத்தம். இடுக்குக்கு இடுக்கு, ஊசி ஊசியாகத் தண்ணீர் பீய்ச்சியது. உள்ளே நின்ற வீரையா தகர டின்னால் அள்ளி அள்ளிக் கொட்டினான். ஒரு டின் வெளியே போனால் நாலு டின் உள்ளே வந்தது. "குதிச்சிருடா!" என்று கரையிலிருந்து கத்தினார்கள். அவன் குதித்தான். படகு அவசரமில்லாமல், வயசான எருமை குளத்தில் படுப்பது போலப் படுத்தது. கரையோரத்தில் ஆழம் குறைவு என்பதால் கூரையும் புகைக்குழாயும் மட்டும் வெளியே நின்றன.

வாசு டீக் கிளாசுகளைச் சத்தமில்லாமல் பொறுக்கினார்.

"விடு ரெபேக்கா," என்றார் சத்தியநேசன். "நான் வாங்கினதுதான் தப்பு."

"நீங்க வாங்கினது தப்பில்ல," என்றாள் அவள். அதற்கு மேல் சொன்னால் அழுகை வந்துவிடும் போல இருந்தது. அன்றைக்கே போடிக்கு இறங்கிவிட்டாள்.

*

ஒரு வாரம் அவள் யாரோடும் படகைப் பற்றிப் பேசவில்லை. கை நகத்திலிருந்த தார் மட்டும் தேய்த்துத் தேய்த்தும் போகவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டுக் கண்மாய்க் கரை வழியாக வந்தவள், தண்ணீர் ஓரத்தில் மொக்கச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அவரைச் சுற்றிலும் வண்டிச் சக்கரங்கள் தண்ணீருக்குள் கிடந்தன. அவர் இவளைப் பார்த்ததும் சங்கடத்தோடு கும்பிட்டார்.

பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள். "என்ன ஆசாரியாரே, சக்கரத்தையெல்லாம் முக்கிப் போட்டிருக்கீங்க?"

"கோட வெயிலு ஆத்தா. கட்ட காஞ்சு சுருங்கி, ஆரக்கால் எல்லாம் ஆட்டங் கண்டு போச்சு. நாலு நாள் தண்ணியில கெடந்தா ஊறிப் பருத்து, கிண்ணுனு இறுக்கிப் பிடிச்..."

அவர் வாய் அப்படியே திறந்தபடி நின்றது. ரெபேக்காள் கையிலிருந்த வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஆசாரியாரே."

"ஆத்தா."

"நம்ம படகு எத்தன நாளாத் தண்ணியில கெடக்கு?"

மொக்கச்சாமி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "அடப் பாவி மட்டை! முப்பது வருசமா இதே சோலிய செய்றேன். எனக்குத் தோணலையே! சக்கரம் வேற, படகு வேறனு நெனச்சுட்டேனே ஆத்தா!"

"எனக்கு மட்டும் தோணுச்சா? எங்கப்பா கடையில எண்ணெய்ப் பீப்பாய ஊறப் போட்டது நானுந்தான். வெரசாக் கெளம்புங்க, போவோம்."

மறுநாளே மேலே போனார்கள். வீரையா முங்கிப் போய் வடம் கட்டினான். லயத்து ஆண்களும் பெண்களும் இழுத்து விளிம்பைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தார்கள். பிறகு டின்னும் குடமும் சட்டியுமாக இறைத்தார்கள். இறைக்க இறைக்கப் படகு எழும்பியது. உள்ளே தரை தெரிந்தது. ரெபேக்காள் முழங்காலிட்டுப் பலகைகளைத் தடவிப் பார்த்தாள். பலகையும் பலகையும் ஒட்டிப் பிறந்தவை போல நெருக்கிக்கொண்டு நின்றன. நெருக்கின நெருக்கில், செருகியிருந்த நார் இடியாப்பம் பிழிந்த மாதிரி வெளியே பிதுங்கியிருந்தது. ஓரிரண்டு இடத்தில் லேசான கசிவு. அவ்வளவுதான்.

சத்தியநேசன் படகுக்குள் ஏறி, ஒரு குதி குதித்துப் பார்த்தார். எதுவும் ஆகவில்லை. இன்னொரு குதி குதித்தார்.

"போதும், எறங்குங்க," என்றாள் ரெபேக்காள் சிரிப்பும் கண்ணீருமாக.

*

ஆனி மாதம் கடை தொடங்கியது.

முதல் நாள் தட்டுகளில் சாமானை அடுக்கியதும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எதிர்ப்பக்கம் அரிசி மூட்டைகளை அடுக்கினாள். நிமிர்ந்தது. மேல் லயத்துக்குப் போய் அரிசியெல்லாம் விற்றுத் தீர்ந்ததும் மறுபடி சாய்ந்தது. அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. தேவாரத்துக் கடையில் எந்தச் சாமான் விற்றாலும் கடை நேராகத்தான் நிற்கும். இங்கே அரிசி விற்றால் அந்தப் பக்கத்துக் கனத்துக்குச் சமமாக எண்ணெயும் உப்பும் விற்றாக வேண்டும்.

"ஏத்தா, அரிசி போதும். உப்பு வாங்கிக்க," என்பாள் வந்தவளிடம்.

"உப்பு இருக்குதுக்கா."

"அப்ப நீ வந்து அந்தப் பக்கமா உக்காந்துக்க. அடுத்த ஆளு வர்ற வரைக்கும்."

பெண்களுக்கு இது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. கனத்துக்காக உட்காருகிறோம் என்று சொல்லிக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் பேசி முடிப்பார்கள். இரும்பு அடுப்பில் எந்நேரமும் சுக்குக் காப்பி கொதிக்கும்.

வீரையா கழி ஊன்றித் தள்ளுவான். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சாயந்திரம் அடித்தண்ணீரை இறைத்தாக வேண்டும். சனிக்கிழமை தோறும் இடுக்குகளைத் தடவிப் பார்த்து, பிதுங்கின நாரை உளியால் உள்ளே தள்ளி, குங்கிலியம் பூச வேண்டும். அதை மட்டும் ரெபேக்காள் யாரிடமும் விடமாட்டாள். அதற்கென்று நாரும் பிசினும் போட்ட ஒரு டின்னைப் படுக்கைப் பலகைக்கு அடியில் வைத்திருந்தாள்.

மேல் லயத்திலிருந்து செல்லத்தாய் என்ற பெண் தினமும் உப்பு வாங்க வந்தாள். அவளும் அவள் அப்பாவும் மட்டும்தான் வீட்டில். பத்து நாள் பார்த்துவிட்டு ரெபேக்காள் கேட்டாள்.

"ஏன்டி, உங்க வீட்டுல கருவாடு போடுறீகளா?"

"இல்லயே அக்கா."

"பெறகு இம்புட்டு உப்பு எதுக்கு?"

செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். பின்பக்கம் கழியோடு நின்ற வீரையா திடீரென்று வாய்க்காலின் எதிர்க்கரையை உற்றுப் பார்க்கத் தொடங்கினான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"அடேய்," என்றாள் ரெபேக்காள். "ஒன்ட்ட பேச வேண்டியது நெறைய இருக்கு போலயே!"

செல்லத்தாயின் அப்பா வெள்ளைத்துரை மேல் லயத்துக் கங்காணி. பேர்தான் வெள்ளை, ஆள் கருங்காலிக் கட்டை. ரெபேக்காள் பெண் கேட்டுப் போனபோது முறுக்கிக்கொண்டு நின்றார்.

"பையன் நல்லவன்தாம்மா, நான் கொற சொல்லல. ஆனா தரையில நிக்கிற சோலி செய்றவனுக்குத்தான் எம்பொண்ணு. பலகைய நம்பித் தண்ணி மேல நிக்கிறவன் என்னைக்கு முங்குவான்னு யார் கண்டா? ஏற்கெனவே ஒருக்கா முங்குன படகுதான அது? என் காலு அதுல படாது. எம்பொண்ண மட்டும் ஏத்தி விடவா?"

"முங்கினதுனாலதான் அது இப்ப முங்க மாட்டேங்குது கங்காணி," என்றாள் ரெபேக்காள். அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் செல்லத்தாய் உள்ளே இரண்டு நாள் சோறு தின்னாமல் படுத்துக்கொண்டாள். அது விளங்கியது. ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். மேல் லயத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம்.

*

முகூர்த்தத்துக்கு முந்தின இரண்டு நாளும் மழை வெறி பிடித்துக் கொட்டியது. கல்யாணத்தன்று காலையில் ராசிங்காபுரத்து ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கியபோது, ஓடைமேல் இருந்த மரப்பாலத்தைக் காணோம். வெள்ளம் இரவோடு இரவாகப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.

"படகு இருக்குல்ல," என்றாள் ரெபேக்காள்.

மாப்பிள்ளையின் ஆத்தா ஆயம்மாள் படகைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். "யப்பே, எங்கூருல கெணத்தத் தவிர வேற தண்ணி பாத்ததில்ல தாயி," என்றாள். ஆனாலும் மகன் கல்யாணம் ஆயிற்றே! மாப்பிள்ளை, சொந்தக்காரர்கள், மேளக்காரர்கள், சீர்த்தட்டுகள் எல்லாம் ஏறின. ரெபேக்காள் ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்து, கனத்தை மனசுக்குள் நிறுத்து, "நீங்க இப்படி, நீங்க அப்படி" என்று உட்கார வைத்தாள். தவில்காரருக்கு எதிர்ப்பக்கம் சத்தியநேசன். அன்றைக்கு மாப்பிள்ளை கழி பிடிக்கக்கூடாது என்று வாசு பிடித்தார். தண்ணீர் என்றால் அவருக்கு உள்ளூரப் பயம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கழியை ஊன்றுகிறபோதெல்லாம் "பகவதீ!" என்று ஒரு சத்தம் போட்டார்.

மேளம் முழங்க, மழைத் தூறலில் படகு போயிற்று. ஓடை வந்து விழுகிற மேல்கோடி வந்துவிட்டது; வெள்ளத்தில் இரண்டு கரையும் முழுகி, அது குளம் மாதிரி அகன்று கிடந்தது. கரையில் வெள்ளைத்துரையும் பெண்ணும் ஊராரும் நிற்பது தெரிந்தது. இன்னும் ஒரு கல்லெறி தூரந்தான். அப்போது அடியில் 'கறக்' என்று ஒரு சத்தம் வந்து, படகின் முன்பக்கம் மேலே ஏறி, நின்றுவிட்டது.

அடித்துக்கொண்டு போன மரப்பாலம் அங்கேதான் தண்ணீருக்கடியில் குறுக்காகச் சிக்கிக் கிடந்தது. படகு அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"யாரும் எந்திரிக்காதீக!" என்று ரெபேக்காள் கத்தினாள். முன்பக்கத்துப் பலகை ஒன்று விரிந்து தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. பட்டுச்சேலையை வரிந்து செருகிக்கொண்டு முழங்காலிட்டாள். "வீரையா, அந்த டின்னக் கொண்டா!"

மாப்பிள்ளை மாலையோடு டின்னைக் கொண்டுவந்தான். ரெபேக்காள் நாரை உருட்டி உருட்டி விரிசலில் செருகினாள். விரிசல் பெரிசு, நார் போதவில்லை. ஆயம்மாள் மடியில் வைத்திருந்த புதுத் துண்டை எடுத்து நீட்டினாள். "இதையும் வச்சு அடை தாயி. சம்பந்திக்குப் போடக் கொண்டாந்தது. அவருக்கு வேற வாங்கிக்கிருவோம்." துண்டைத் திணித்து, மேலே ஒரு பலகையை வைத்து, ரெபேக்காள் அதன்மேல் தன் கனத்தை முழுசாகப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் நின்றது. எழுந்தால் மறுபடி வரும்.

"நேரம் போகுது! முகூர்த்தம் போகுது!" என்று ராசிங்காபுரத்துப் பெரியவர் ஒருவர் பதறினார்.

கரையில் லயத்து ஆட்கள் சும்மா இருக்கவில்லை. மழையில் சாய்ந்து கிடந்த வாழை மரங்களைப் பிணைத்துத் தெப்பம் கட்டினார்கள். அதில் செல்லத்தாயை உட்கார வைத்து, வெள்ளைத்துரை அம்மன் காலடியில் வைத்திருந்த தாலித் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கழி ஊன்றி வந்தார். தெப்பம் படகை ஒட்டியது. பெண்ணைத் தூக்கிப் படகில் விட்டார்கள். கங்காணி மட்டும் தெப்பத்திலேயே நின்றார்.

"மேல வாங்க சம்பந்தி," என்றாள் ஆயம்மாள்.

"நான் இங்கயே நிக்கிறேன். எனக்கு இங்கருந்தே நல்லாத் தெரியுது," என்றார். சொல்லி வாய் மூடவில்லை, ஈர வாழைமரம் உருண்டு காலை வாரியது. தாலித் தட்டை உயரத் தூக்கிப் பிடித்தபடியே மார்பளவு தண்ணீருக்குள் போய், அடியில் கிடந்த பாலத்து மரத்தில் கால் தட்டி நின்றார். சத்தியநேசனும் தவில்காரரும் ஆளுக்கு ஒரு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் படகுக்குள் போட்டார்கள். தட்டிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்குகூடச் சிந்தவில்லை.

சொட்டச் சொட்ட நின்ற கங்காணி சுற்றிலும் பார்த்தார். தட்டுகள், சன்னல், கொதிக்கிற காப்பி. கீழே பலகையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ரெபேக்காளைப் பார்த்தார்.

"ஏம்மா, எந்திரிச்சா முங்கிருமோ?"

"நான் எந்திரிக்க மாட்டேன். நீங்க தாலிய எடுத்துக் குடுங்க."

வாழைத்தார், சீர்த்தட்டு, உப்பு மூட்டை, இவற்றுக்கு நடுவே வீரையா செல்லத்தாயின் கழுத்தில் தாலி கட்டினான். கெட்டிமேளத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. எல்லோர் கால்களுக்கும் பின்னால் உட்கார்ந்திருந்ததால் ரெபேக்காளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பூவும் அரிசியும் அவள் தலையிலும் விழுந்தன. அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

சத்தம் அடங்கியதும் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இப்ப நான் சொல்றபடி கேளுங்க. ஒவ்வொருத்தரா, மெதுவா, எல்லாரும் பின்பக்கம் போங்க. தவுலுக்காரரு கடைசியில போங்க."

ஒவ்வொருவராக நகர நகரப் பின்பக்கம் தாழ்ந்தது, முன்பக்கம் உயர்ந்தது. கங்காணி வாசுவின் கையிலிருந்து கழியைப் பிடுங்கி, பாலத்து மரத்தில் ஊன்றி ஒரு நெம்பு நெம்பினார். படகு வழுக்கிக்கொண்டு விடுபட்டது. கரை வந்து சேர்கிற வரை ரெபேக்காள் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு லயத்தில் பந்தி மூன்று தடவை நடந்தது. முதல் இலை படகுக்காரம்மாவுக்கு என்று கங்காணியே கைப்பிடித்து உட்கார வைத்தார். அவள் பட்டுச்சேலை முழங்காலுக்குக் கீழே சேறும் பிசினுமாக இருந்தது. சத்தியநேசன் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே ஏலத்துக்கு நீயும் கூட வா," என்றார் அவள் காதோரம். "வந்தா ரெண்டு பேரு கையும்ல மேல போகும்!" என்று சிரித்தாள்.

வாரம் முடிவதற்குள் மொக்கச்சாமி வந்து விரிந்த பலகையை மாற்றினார். பாலத்து மரங்களைக் கங்காணியின் ஆட்கள் அறுத்து எடுத்தார்கள். அதே மரங்களால் மேல்கோடியில் படகு வந்து நிற்க ஒரு துறை கட்டிக் கொடுத்தார்கள்.

ஆவணி கடைசியில் காய் எடுப்பு மும்முரமாகிவிட்டது. போகிறபோது கடை, வருகிறபோது பச்சை ஏலக்காய் மூட்டை என்று படகுக்கு ஓய்வில்லை. தராசைச் செல்லத்தாய் பிடித்தாள். அவளுக்கு ரெபேக்காளைவிடக் குரல் பெரிசு.

"ஏய், மூட்டைய அந்தப் பக்கம் வைக்காத! அக்கா, இந்த அண்ணனப் பாருங்க, சொன்னாக் கேக்க மாட்டேங்குறாரு!"

"கேக்கலேன்னா அவரையே அந்தப் பக்கம் உக்கார வை," என்றாள் ரெபேக்காள், அடுப்பில் காப்பிக்குக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக்கொண்டே.